அடித்து ஆற்றிய சாயா

குஞ்ஞம்பு சாயா அடித்தால் ஒரு சொட்டு கீழே சிந்தாது. தலைக்கு மேலிருந்து இடுப்பு வரை அப்படியே இறங்கும். பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று அவன் கடையில் நின்று குடித்துவிட்டுப் போகிறவர்கள் பையனூரில் உண்டு. உள்ளே அடுப்படியில் மனைவி நாராயணி நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போடுவாள். சாயா அடித்த குஞ்ஞம்புவின் கைக்குத்தான் வாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சு குழறி, தொண்டையும் பாதி போயிற்று. கடவுளுக்குக் கண் இருந்தால் வேறு எதையாவது எடுத்திருக்கக் கூடாதா?

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கறாராகச் சொன்னாள். "தண்ணியா இருக்கிறது எதுவும் வாயில படக்கூடாது. சர்ருனு நுரையீரலுக்குள்ள இறங்கிடும். தேன் மாதிரி கெட்டியா, ஸ்பூன்ல ஊட்டணும்."

நாராயணி கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சி எல்லாவற்றையும் கெட்டியாக்கினாள். தண்ணீர் கெட்டி, மோர் கெட்டி, சாயாவும் கெட்டி. குஞ்ஞம்பு துப்பினான்.

"இது சாயாவா? போஸ்டர் ஒட்டுற பசை. கொண்டுபோய் சுவத்துல தடவு."

"பசையோ கிசையோ, முழுங்குங்க. உசிரு வேணுமா வேண்டாமா?"

"இதைக் குடிச்சுக்கிட்டு உசிரு எதுக்குடி?"

அதற்குப் பிறகு அவன் வாயையே திறக்கவில்லை. கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்திக்கொண்டது. அவனுடைய அக்காள் மாதவி தினமும் வந்து கண்ணைக் கசக்கிவிட்டுப் போவாள். நாராயணிக்கு அழக்கூட நேரமில்லை, கடையும் அவள் தலையில்தான். இந்த மனுஷன் பட்டினியிலேயே போய்விடுவானோ என்கிற பயம் மட்டும் அவளை விடாமல் அரித்தது.

ஓணத்துக்கு மறுநாள் அவனே வாயைத் திறந்தான். "நாராயணீ... அடிச்சு ஒரு சாயா கொடு."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கெட்டிச் சாயாவையே அடித்துக் கொடுத்தால் என்ன? அடித்தால் நுரைதானே வரும்? அந்தக் கடையில் எத்தனை ஆயிரம் சாயா அடித்திருப்பார்கள், ஒன்றாவது அடித்ததால் நீர்த்தது உண்டா? வேறு பெண்ணாக இருந்தால் ஸ்பூனால் ஊட்டிவிட்டுப் போயிருப்பாள். சாயாக்கடைக்காரி கை சும்மா இருக்குமா?

கட்டிலருகே நின்று, கையை ஓங்கி அடித்தாள். முதலில் வெல்லப்பாகு போலத் தயங்கித் தயங்கி இறங்கியது. நாலைந்து தரம் அடித்தபின் தடையில்லாமல் விழுந்தது, நுரையும் பூத்தது. தனக்கு லாகவம் வந்துவிட்டது என்றே நினைத்தாள், பாவம்.

"இப்பத்தான்டி கை வந்திருக்கு," என்றான் குஞ்ஞம்பு. அவன் கண் கலங்கிவிட்டது. டம்ளரை வாயில் வைத்தாள். முதல் மடக்கைச் சிரித்துக்கொண்டே விழுங்கினான். அடுத்ததில் புரையேறியது. இருமல் நிற்கவேயில்லை, உதடு நீலம் பாரித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எரிந்து விழுந்தார். "தண்ணியா எதையோ கொடுத்திருக்கீங்க!"

"முத்தப்பன் சத்தியமா இல்ல சார். கெட்டியாத்தான் காய்ச்சினேன்."

மாற்றுத்துணி எடுக்க மாதவியோடு வீட்டுக்கு வந்தபோது, கட்டிலடியில் டம்ளர் மிச்சச் சாயாவோடு அப்படியே இருந்தது. நாராயணி அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். சாயா அசையக்கூட இல்லை.

"பாருங்க சேச்சி! கெட்டியாத்தானே இருக்கு?"

"அப்படியே அந்த டாக்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டு. வாய்க்கு வந்ததைப் பேசறாரு!"

நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போலிருந்தது நாராயணிக்கு. கையில் கிடைத்த ஸ்பூனை டம்ளருக்குள் விட்டுச் சும்மா கலக்கினாள். கலக்கக் கலக்க அது இளகியது. இன்னும் வேகமாகக் கலக்கினாள். டம்ளரைச் சாய்த்ததும் தண்ணீராகத் தரையில் ஓடியது. வெறும் சாயாவை எவ்வளவு அடித்தாலும் அது சாயாதான். கூவை சேர்ந்தது அடித்தால் இளகும், சும்மா விட்டால் மறுபடி இறுகும். இத்தனை வருஷம் அடுப்படியில் வெந்தவளுக்கு இது இன்றைக்குத்தானா தெரிய வேண்டும்!

"நான்தான் சேச்சி. என் கைதான் கெடுத்துச்சு," என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாதவிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பிப் போனபோது அவன் மூக்கில் குழாய் செருகியிருந்தார்கள். இனி வாய் வழியாக ஒன்றும் கிடையாதாம், சாகும்வரை. அவளைக் கண்டதும் குஞ்ஞம்புவின் முகம் மலர்ந்தது. பேச்சு வரவில்லை. விழாத இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, மெல்ல இடுப்புவரை இறக்கிக் காட்டினான். அன்றைக்குக் கொடுத்ததைப் போலவே இன்னொன்று கேட்டான். அவள் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள். அது மறுபடியும் மேலே எழுந்தது.