முகட்டில் ஓரடி இடைவெளி

தியாகராஜா என்ன வேலை செய்கிறார் என்று மனோர் பார்க் கோயிலில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கேட்டால், "கட்டடப் படம் கீறுறன்" என்பார். பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டடங்களில் குடியிருக்கப் போகிறவை இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகள் என்பதை வெள்ளிக்கிழமை விரதக்காரரிடம் எந்த வாயால் சொல்வது? மனைவி சிவனேஸ்வரி கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்: "மாட்டுக் கதை மட்டும் வாயிலை வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."

எண்பத்துநான்கில் லண்டனுக்கு வந்தபோது அவரிடம் இருந்ததெல்லாம் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதினொரு வருடம் படம் கீறிய கைப்பழக்கம்தான். அதை வைத்து இங்கே யார் என்ன செய்ய? இரண்டு வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்றார். பிறகுதான் பண்ணைக் கட்டடங்கள் வடிவமைக்கும் ஒரு சின்ன அலுவலகம் அவரை எடுத்தது. திரும்பப் பேனை பிடித்த அன்று மனிதர் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டுத்தான் வந்தார். அந்த வேலை போனால் திரும்பவும் பெற்றோல் நிலையம்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

எண்பத்தேழு ஜனவரியில் லண்டனில் பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. தியாகராஜா வீட்டில் யன்னல் இடுக்கெல்லாம் பிரவுண் டேப், கதவுக்கு அடியில் பழைய பேப்பர், உள்ளே மண்ணெண்ணெய் ஹீட்டர். அந்தக் கிழமையில்தான் எஞ்சினியர் பார்க்கர் பென்சிலால் கீறிய ஒரு படம் மையால் திருத்தமாகக் கீறுவதற்காக அவர் மேசைக்கு வந்தது. எண்பது காளைகளுக்கான கொட்டகை. கூரையின் முகட்டில், இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஓரடி திறந்து கிடந்தது. பக்கச் சுவர்ப் பலகைகளுக்கு நடுவிலும் விரல் நுழையும் இடைவெளி.

தியாகராஜாவுக்குப் பொறுக்கவில்லை. இந்தக் குளிரில் வாயில்லாச் சீவன்களைக் கூரையில்லாமல் நிற்கவிடுவதா! பார்க்கர் மறந்துவிட்டார் என்றே முடிவு கட்டினார். போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் விசயம். திணைக்களத்தில் மேலதிகாரியின் பிழையை முகத்துக்கு நேரே காட்டுவதில்லை. சத்தமில்லாமல் படத்தில் சரிப்படுத்திக் கொடுக்க வேண்டும், அவர் கையெழுத்துப் போடுவார், இருவர் மரியாதையும் நிற்கும். அப்படியே செய்தார். முகட்டுக்கு ஒரு தகடு கீறி மூடினார். பலகைகளை நெருக்கினார். பார்க்கர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். தியாகராஜாவுக்கு உள்ளூரப் பெருமை.

கொட்டகை அந்தக் கோடையில் எழும்பியது. நவம்பரில் மாடுகள் உள்ளே போயின. அடுத்த ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பண்ணைக்காரர் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். மாடெல்லாம் இருமுகிறது, தின்கிறது, ஆனால் நிறை ஏறவில்லை, இரண்டு செத்துவிட்டது. முகடு திறந்திருக்கிறதா என்று பார்க்கர் கேட்க, தகடு அடித்து மூடியிருக்கிறது என்றார்.

"கட்டினவன் முகட்டை மூடியிருக்கிறான்," என்று பார்க்கர் கத்தினார். "திங்கட்கிழமை கடிதம் போகும். இனி நம்மிடம் அவனுக்கு வேலையே கிடையாது." தியாகராஜா பக்கத்தில்தான் நின்றார், கையில் தேநீரோடு.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதன்கிழமை மூலப்படத்தை எடுத்து வைத்து, மையைச் சுரண்டும் பிளேட்டையும் கையில் எடுத்தார். இரண்டு கோடு சுரண்டினால் போதும், மூலப்படத்தில் அந்தத் தகடே இருக்காது. கட்டினவனிடம் இருக்கும் பிரதியை யார் நம்பப் போகிறார்கள்? பிளேட்டை வைத்தார், எடுத்தார், பிறகு படத்தை மடிக்காமல் மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றார். வீட்டிலும் அதே கூத்து.

"என்னப்பா, குசினிக்கும் வாசலுக்கும் எத்தினை தரம் நடப்பியள்? இருங்கோவன். பிள்ளை இப்பதான் இருமி ஓய்ஞ்சு படுத்தவள்," என்றாள் சிவனேஸ்வரி. மகள் கிரிஜாவுக்கு ஐந்து வயது. கார்த்திகை தொடங்கிச் சளி விடவில்லை.

வெள்ளிக்கிழமை அளவெடுக்க எசெக்ஸிலிருந்த அந்தப் பண்ணைக்கு அவரையும் கூட்டிப் போனார் பார்க்கர். கொட்டகைக்குள் கால் வைத்ததும் மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. கூரைத் தகட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மாடுகளின் முதுகில் விழுந்தது. வெளியே மழையில்லை. வைக்கோல் ஊறிக் கிடந்தது. சிவப்பும் வெள்ளையுமான ஒரு செம்மறைக் காளை கழுத்தை நீட்டி இருமியது. அந்த இருமல் அவருக்குப் பழக்கமான இருமல்.

அங்கே வந்திருந்த மிருக வைத்தியர் நிதானமாகச் சொன்னார். குளிர் இந்த மாடுகளை ஒன்றும் செய்யாது. படுக்கை காய்ந்திருந்தால் போதும். அவற்றின் சூடே மூச்சை மேலே தூக்கி முகட்டால் வெளியேற்றிவிடும். முகட்டை மூடினால் மூச்சு நீராகித் திரும்ப அவற்றின் மேலேயே விழும், நோயும் சேர்ந்து விழும்.

"கட்டினவன் மூடேல்லை," என்று தமிழில் தொடங்கி, தடுமாறி, ஆங்கிலத்துக்கு மாறினார் தியாகராஜா. "நான்தான் படத்தில் மூடினேன்."

பார்க்கர் திரும்பினார். "ஏன்?"

"எனக்குக் குளிர்ந்தது."

கார் லண்டனுக்குத் திரும்பியது. தியாகராஜா மனதுக்குள் பெற்றோல் நிலையத்துச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டார். லண்டனுக்குள் நுழைந்ததும் பார்க்கர் சொன்னார்: "பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். திங்கட்கிழமை தகட்டைக் கழற்றுவார்கள், நீ போய் நில். இனிமேல் சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேள்."

வேலை தப்பியது. மனம் ஆறவில்லை. பார்க்கர் இறக்கிவிட்ட ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். அறைக் கண்ணாடியில் நீர் வழிந்து கொண்டிருந்தது. சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சணம். கிரிஜா கட்டிலில் கழுத்தை நீட்டி இருமினாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் டேப்பை நகத்தால் பிய்த்தார்.

சிவனேஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "உங்களுக்கென்ன விசரே? பிள்ளைக்குக் குளிரப் போகுது."

"ஓம்," என்றார் தியாகராஜா, யன்னலை மேலே தள்ளியபடி. "அப்பிடி நினைச்சுத்தான் நானும் ரெண்டு மாட்டைச் சாக்காட்டினனான்."