கலா அக்கா திரும்பக் கேட்ட கையெழுத்து

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்கு நடுவே எடைச் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். செல்வம் அண்ணன் போனில் வந்தார். "ஒங்க அக்கா போயிட்டாடா. பஸ்சுக்கு உக்காந்தவ எந்திரிக்கல." எங்கே போய்விட்டுத் திரும்பினார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குரும்பகரத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் கலாவதி அக்கா. செல்வம் அண்ணன் அவருடைய கணவர். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு டி.சி.யை நகலெடுக்கப் போனபோதுதான் எனக்குப் பழக்கம். ஏன் விட்டாய் என்று கேட்காத ஒரே ஆள் அவர். கேட்டது ஒரு நகல், எடுத்தது மூன்று. "வச்சுக்கடா. படிச்சவன விட படிக்காம விட்டவன்கிட்டதான் நெறைய பேப்பர் கேப்பானுங்க" என்றார்.

ஊருக்கு மேற்கே குப்பைக் கிடங்கு இருக்கிறது. மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும், நாற்று அழுகும். அதை இன்னும் பெரிதாக்கப்போகிறார்கள், பக்கத்து வயல்களும் போகும் என்று தெரிந்ததும் ஊருக்கு மனு எழுதிக் கொடுத்தவர் அக்காதான். தாளை அவர் அவ்வளவு நம்பினார்.

அந்த மனுவுக்குப் பிறகு அதிகாரிகள் பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். வாசலில் வருகைத் தாள். வரிசை எண், பெயர், கையெழுத்து, வேறு எதுவும் இல்லை. அக்கா என்னைக் கூப்பிட்டார். "ஒருத்தரையும் விடாத. எத்தன பேரு எதுத்தோம்னு அவங்க கையிலயே ஆதாரம் இருக்கட்டும்." நான் வீடு வீடாக ஓடினேன். நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு கூட்டிவந்து போடவைத்தேன். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் எல்லோரும் வாய் வலிக்கக் கத்தினோம். யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அதுதான் கையெழுத்துப் போட்டுவிட்டோமே.

பிறகு தகவல் உரிமையில் கேட்டு அந்தக் கூட்டத்தின் அறிக்கை நகலை வாங்கினார் அக்கா. பொதுமக்கள் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டார்கள், கூட்டத்தில் எழுத்துபூர்வமாக எந்த ஆட்சேபணையும் வரவில்லை, கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன என்று ஒரு பக்கம். அதற்குப் பின்னால் எங்கள் தாள்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது.

ஊர் அவரை விடவில்லை. கிடங்கை ஒட்டி வயல் வைத்திருக்கும் காளியப்பன் மாமா கடை வாசலில் நின்று, "ஊரையே ஜெராக்ஸ் போட்டு குடுத்த மகராசி" என்றார். கடைக்கு ஆள் வருவது நின்றது. ஓடியது நான், ஏச்சு அவருக்கு. நான் வாய் திறக்கவில்லை.

அதன்பின் அக்கா வாராவாரம் காரைக்கால் அலுவலகத்துக்குப் போனார். கடைசியாகப் பார்த்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஊரோடத விடுங்க, என் பேர மட்டுமாவது அந்தத் தாள்லேர்ந்து அடிச்சுக் குடுங்கன்னேன். அதுக்கு ஃபாரம் இல்லையாம்டா." அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாளில்தான் பஸ்சுக்கு உட்கார்ந்தார்.

கருமாதி அன்று கடை வாசலில் இரங்கல் கூட்டம். ஒரு நோட்டு சுற்றுக்கு வந்தது. காளியப்பன் மாமா அதைப் புரட்டிப் பார்த்தார்.

"மேல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதல மாமா. இரங்கல் நோட்டு" என்றேன்.

"எழுதாத தாள்லதான அன்னைக்கும் போட்டோம்?"

பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். நோட்டு கூட்டம் முழுக்கச் சுற்றியது. எனக்கும் கை எழவில்லை. வெறும் தாளாகவே செல்வம் அண்ணனிடம் வந்து சேர்ந்தது. அவர் அதை மூடி, ஜெராக்ஸ் மிஷின் மேல் வைத்தார். மேற்கே கிடங்குக்குப் புதுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வேலை நிற்கும் என்று இப்போது ஊரில் யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அந்த நோட்டில் எழுதாததை இங்கே எழுதிவிட்டேன், அக்கா. வீடு வீடாகத் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான். கீழே என் பெயரைப் போடுகிறேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று இந்த முறை படித்துவிட்டேன்.

— முருகேசன்