இரண்டு தாய்மாமன், ஒரு கோட்டை

சயாமா பலகையில் கோட்டை வரைந்தால் அகழி இருக்கும், மதில் இருக்கும், உச்சியில் கொடி பறக்கும். வாசல் மட்டும் இருக்காது. "உள்ள இருக்கிறவங்க எப்படி வெளிய வருவாங்க?" என்று பிள்ளைகள் கேட்ட பிறகுதான் அவசரமாக ஒரு கதவைப் போடுவார். இப்போது அந்த வகுப்பில் கோட்டைகளைத் திரையில் காட்டுகிறார்கள். மின்சாரம் போனால் இங்கிலாந்தும் சேர்ந்து போய்விடுகிறது. சயாமா குடும்பத்தோடு பினாங்குக்குப் போய்விட்டார்.

சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சரம்மா. யாங்கோனில் எங்கள் தனியார் பள்ளியில் அவர் சரித்திரம், நான் கணக்கு. நானும் சயாமாதான், ஆனால் அந்தப் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது; என்னை அவர் லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். வெளிநாட்டுப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு, பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசரும் நாடாளுமன்றமும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரை அவர்தான் நடத்துவார். அரசர் வீம்புக்காரர், கடைசியில் தலையையே கொடுத்தவர். அது தெரிந்தும் சயாமா அரசர் கட்சிதான். அரசவைப் பிரபுக்களின் இறகுத் தொப்பியும் லேஸ் காலரும் தோளில் புரளும் சுருள்முடியும் அவரை மயக்கி வைத்திருந்தன. நான் நாடாளுமன்றக் கட்சி. வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்களை விட்டுக் கணக்கு டீச்சர் எங்கே போவாள்? மத்தியானச் சாப்பாட்டில் லப்பெத்தை, ஊறவைத்த தேயிலைக் கலவையை, பிசைந்துகொண்டே இருவரும் வருடக்கணக்கில் அந்தப் போரை நடத்தினோம்.

ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் நின்ற கதை வந்தால் மட்டும் சயாமா வேகமாகத் தாண்டிவிடுவார். காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணனுக்கும் தம்பிக்கும் இன்சீன் ரயில் பட்டறையில்தான் வேலை. ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு கலங்கிய வருடம், தம்பி அதை எதிர்த்து வேலைக்குப் போக மாட்டேன் என்று வெளியே வந்தார். அண்ணன் பிள்ளைகுட்டிக்காரர், போனார். அன்று வார்த்தை தடித்தது. அதோடு முகம் பார்ப்பதும் நின்றது. யார் பக்கம் நியாயம் என்று சயாமா ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இதற்கிடையில் சயாமாவின் மகளுக்கு மூன்று வயதாகிவிட்டது. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். எந்த மாமன் மடியில்? ஒருவரை உட்கார வைத்தால் மற்றவர் அந்த வீட்டுப் படியை இனி மிதிக்கமாட்டார். மாமியார் நாள் பார்க்கச் சொல்லி நச்சரித்தார். கேலியும் சிரிப்புமாக இருந்த மனுஷி சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்படி ஒரு மத்தியானம்தான் கேட்டார்: "லாத்தா, தோத்தவங்க கோட்டையை எப்படி விட்டு வந்தாங்க தெரியுமா?"

"தலையைத் தொங்கப் போட்டுத்தான்."

"இல்ல. முன்னாடியே பேசி வச்சுக்குவாங்க. நல்லபடியா பேசி முடிச்சா, கொடியைப் பிடிச்சிக்கிட்டு, மேளம் அடிச்சிக்கிட்டு, துப்பாக்கிக் குண்டை வாயில அடக்கிக்கிட்டு மரியாதையா நடந்து வருவாங்க."

"வாயில குண்டு இருந்தா பேச முடியாதே. அதுவும் நல்லதுதான்" என்றேன், சும்மா சீண்டுவதற்கு. சயாமா சிரிக்கவில்லை. பிசைந்த கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே இரண்டு பக்கமும் தூது போனார். யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். யாரும் தப்பை ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். வேலைப் பேச்சு கூடாது. வலது காது அண்ணன் மடியில், இடது காது தம்பி மடியில். முடிந்ததும் அவரவர் போகலாம். "இது எந்த ஊரு வழக்கம்?" என்று மாமியார் மோவாயில் கை வைத்தார். "இங்கிலாந்து வழக்கம் அத்தை" என்றார் சயாமா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பசுந்தாங்கில் அவருடைய வீட்டுக்கு அண்ணன் ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் வந்து இறங்கினார், தம்பி பஸ்ஸில். வாசலிலேயே ஆளுக்கொரு குன்யாவை, நம் வெற்றிலைச் சுருளைத்தான், சயாமா வாயில் திணித்துவிட்டார். கன்னம் புடைக்க இருவரும் பாயின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஆசாரி வலது காதைக் குத்தினார்; பிள்ளை வீறிட்டது. அண்ணன் அதைத் தூக்கி நீட்ட, தம்பி வாங்கிக்கொண்டார். இடது காதும் முடிந்தது. தம்பி பிள்ளையைப் பாயில் விட்டு எழுந்து செருப்பைத் தேடினார். சயாமா அவரைத் தடுக்காமல் சமையலறைக்குள் போய்விட்டார். போகலாம் என்று சொன்னவர் அவர்தானே.

அண்ணன் பிள்ளையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். "இடது காது மேல ஏறிப் போச்சு" என்றார், சுவரைப் பார்த்து.

தம்பியும் போய்த் துப்பினார். "வலதுதான் கீழ இறங்கிப் போச்சு. உன் மடியிலதான் புள்ள ஆடுச்சு. நீ என்னைக்கு ஒழுங்காப் பிடிச்சே?"

"நானா? சின்னப்புள்ளையில உன்னைத் தூக்கித் திரிஞ்சவன் எவன்?"

இரண்டும் நேராகத்தான் இருக்கிறது என்று ஆசாரி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குரல் ஏறியது. நான் பதறிப்போய்ச் சமையலறைக்கு ஓடினேன். சயாமா அடுப்பு மேடையில் சாய்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"அங்க சண்டை போடுறாங்க சயாமா. போய் விலக்குங்க."

"போடட்டும் லாத்தா" என்றார். "காதைப் பத்தித்தானே போடுறாங்க."