அத்தானின் சுண்டுவிரல்

என் அக்காவின் கணவரை அவருடைய தொழிலில் இருப்பவர்கள் ‘மில்லிமீட்டர்’ என்று கூப்பிடுவார்கள். வீட்டு வரைபடம் போடுகிறவர். சுவர் எங்கே, ஜன்னல் எங்கே, குழாய் எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் போட்டு ஒரு இன்ஜினியரிடம் கொடுப்பது வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே இன்ஜினியர், வீட்டில் அதே பின்னறை, அதே நாற்காலி. கொத்தனார் ஒரு சுவரை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் கட்டிவிட்டால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. அக்கா மேஜையில் தட்டைக் கொஞ்சம் கோணலாக வைத்தால்கூட, பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்திவிட்டு அதை நேராக்குவார். எனக்கு அவர் அத்தான். பன்னிரண்டு வருஷமாக எங்கள் இருவருக்கும் ஒரே விஷயத்தில்தான் சண்டை. என் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டரில் இரண்டு கட்சி உண்டு. கம்பெனி பெயரெல்லாம் சொல்லமாட்டேன், சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அத்தானுடையது கறுப்புப் பெட்டி. உதிரி பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, அவரே திருகு முடுக்கிப் பூட்டியது. என்னுடையது வெள்ளை மடிக்கணினி. நான் மருந்து டப்பாக்களுக்கு அட்டை வடிவமைக்கிறவள். வேலைக்குச் சேர்ந்த அன்று அதைக் கையில் கொடுத்தார்கள், பழகிவிட்டது. எனக்கும் அதற்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அத்தானுக்கு அது ஜென்மப் பகை.

“மூடுற பொத்தானைக் கொண்டுபோய் இடது பக்கம் வச்சிருக்கான் பாரு. நாப்பது வீட்டுக்கு ஒரே மாதிரி கதவு வச்சா, இவன் மட்டும் சமையலறை வழியா வான்னு சொல்றான்” என்பார். இன்னொரு நாள், “மூடினா மூடணும். இதுல சாத்தின கதவுக்குப் பின்னாடி ஆளு நடமாடிக்கிட்டே இருக்கு” என்பார். நான் வாயைக் கொடுப்பானேன் என்று சாப்பாட்டில் கவனமாக இருப்பேன். அதுவும் அவருக்குப் பொறுக்காது. “பதில் இல்ல பாத்தியா? கம்ப்யூட்டர்னு முகம் பாக்கிற கண்ணாடியை வச்சிருக்கா” என்று அக்காவிடம் சொல்வார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் மிஷினைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். அதன் குறைகளை எழுத ஒரு நோட்டே வைத்திருந்தார், எண் போட்டு. புது வெர்ஷன் வந்தது எனக்குத் தெரியுமுன்னே போன் போட்டு, அதில் எந்த மெனுவுக்குள் எதை ஒளித்துவைத்திருக்கிறான் என்று அரைமணி நேரம் திட்டுவார். ஒருமுறை என் எழுத்துருக்கள் எல்லாம் காணாமல் போய் நான் அழாத குறையாக நின்றபோது, பத்து நிமிஷத்தில் மீட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அந்தப் பத்து நிமிஷமும் வசவுதான். இன்ஜினியர் ஒரு சமயம் ஆபீசுக்கு வெள்ளை மிஷின் வாங்கலாமா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார். அத்தான் ஏழு பக்கத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதினார், படத்தோடு. மனிதர் மூன்றாம் பக்கத்திலேயே ஆசையைக் கைவிட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் போன மழைக்காலத்தில் சுண்டுவிரல் போனது.

கறுப்புக் கட்சிக் கீபோர்டில் இடது கோடியில், கீழ் மூலையில் ஒரு பொத்தான் இருக்கும். நகல் எடுக்க, ஒட்ட, சேமிக்க, செய்த தப்பை அழிக்க, எல்லாவற்றுக்கும் முதலில் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கே எட்டுகிற ஒரே விரல் இடது கைச் சுண்டுவிரல். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை என்று வைத்து, இருபத்திரண்டு வருஷத்துக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். விரல் முதலில் மரத்தது, பிறகு மடங்க மறுத்தது, பிறகு டம்ளரைக் கீழே போட்டது. டாக்டர் தப்பை வைத்துக் கட்டிவிட்டு, மூன்று மாசம் அந்த விரலால் எதையும் அழுத்தக் கூடாது என்றார். மீறினால் ஆபரேஷன். ஆபரேஷன் செய்தாலும் விரல் பழையபடி மடங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அத்தானுக்கு வேறு தொழில் தெரியாது. கோடு போடுகிற கை போனால் அந்த மனிதரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் என் வீட்டுக்கு வந்தார். கட்டுப்போட்ட விரலைச் சாட்சிக்கு அழைத்து வந்தவர் போல முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார், என் வீட்டு ஜன்னல் சட்டம் கோணல் என்றார். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உன்கிட்ட பழைய வெள்ளை ஒண்ணு சும்மா கெடக்குன்னு உங்க அக்கா சொன்னா.”

“ஆமா, அத்தான்.”

“அதுல அந்த வேலைக்குப் பொத்தான் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்துல இருக்காமே. கட்டைவிரல்லயே அழுத்தலாமாம்.”

“ஆமா, அத்தான்.”

“வைத்தியத்துக்குத்தான். விரல் சரியானதும் திருப்பித் தந்துடுவேன்.”

அந்த நிமிஷத்தை நான் எப்படி ரசித்தேன் என்று எழுதினால் நீங்கள் என்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்கமாட்டீர்கள். இரண்டு தடவை காது கேட்காத மாதிரி நடித்து, அவரைத் திரும்பச் சொல்லவைத்தேன். தூசி தட்டிக் கொடுக்கும்போது, “முகம் பாக்கிற கண்ணாடி, பத்திரம்” என்றும் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இன்னொன்றும் செய்தேன். சரியாகச் சொன்னால், செய்யாமல் விட்டேன். கறுப்புப் பெட்டியிலேயே அந்த மூலைப் பொத்தானின் வேலையைக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கிற பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளலாம். சின்னதாக ஒரு நிரல் போட வேண்டும், இரண்டு நிமிஷ வேலை. எங்கள் ஆபீசில் ஒருத்திக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன். அத்தான் கட்சி மாறவே தேவையில்லை. அது எனக்கு அவர் வாயைத் திறக்குமுன்பே தெரியும். மூச்சு விடவில்லை. பன்னிரண்டு வருஷம் கேட்ட பேச்சு என் தொண்டையில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு நடந்ததை அக்கா தினமும் போனில் ஒலிபரப்பினாள். முதல் நாள், பழக்கதோஷத்தில் மூலைப் பொத்தானையே தேடி அழுத்திச் சேமித்துக்கொண்டே இருந்திருக்கிறார், மிஷின் ஒன்றையும் சேமிக்கவில்லை. இரண்டு மாடிக்கான படிக்கட்டு காணாமல் போனது. இரண்டாம் நாள், மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் படம் கீழே போகிறது என்று மேஜையைக் குத்தினார். மூன்றாம் நாள், மூடியதாக நினைத்த பதினேழு நிரல்கள் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். திங்கட்கிழமை இன்ஜினியரைப் பார்க்கப் போகும்போது வெள்ளை மிஷினை வரைபட ஃபைலுக்குள் வைத்து மறைத்துக்கொண்டு போனாராம். அங்கே எப்படியும் வெளியே எடுத்துத்தானே ஆகவேண்டும்.

“என்ன மில்லிமீட்டர், கட்சி மாறிட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறார் இன்ஜினியர்.

அத்தான் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். டிக்கெட் காட்டுகிற மாதிரி.

நான் போனில் வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டு வாரம் சிரித்தேன். மூன்றாவது வாரம் அக்கா சிரிக்கிறதை நிறுத்திவிட்டாள்.

“பதினாலு வீட்டுக் கட்டடமாம்டி. வெள்ளிக்கிழமைக்குள்ள முழுப் படமும் வேணுமாம். பாதிகூட முடியல. தர முடியலேன்னா வேற ஆளைப் பாக்கிறேன்னு இன்ஜினியர் நேத்து சொல்லிட்டார். அதுவும் மெதுவா, மரியாதையா சொன்னாராம். அதான் பயமா இருக்கு. மனுஷன் சரியா சாப்பிடறதில்ல.”

அன்றைக்கு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நிமிஷ வேலை. அதைச் சொல்லாததால் ஒரு மனிதர் இருபத்திரண்டு வருஷ வேலையை இழக்கப் போகிறார். புதன்கிழமை மத்தியானம் ஆபீசில் தலைவலி என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கறுப்புப் பெட்டியில் பொத்தானை மாற்றிவைப்பது, இப்போதுதான் யாரோ சொன்னார்கள் என்று கதைவிடுவது, இதுதான் என் திட்டம். உண்மையைச் சொல்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா சமையலறையில் இருந்தாள். அத்தான் காகிதம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பின்னறைக்குப் போய்க் கறுப்புப் பெட்டியை ஆன் செய்தேன். அந்தச் சின்ன நிரலை இறக்கினேன். ‘இது ஏற்கெனவே உள்ளது’ என்றது திரை. திறந்து பார்த்தேன். மூலைப் பொத்தானின் வேலை கட்டைவிரல் பக்கம் மாற்றப்பட்டிருந்தது. அழுத்திப் பார்த்தேன், கச்சிதமாக வேலை செய்தது. மாற்றிய தேதியும் இருந்தது. டாக்டரைப் பார்த்ததற்கு மறுநாள். என் வீட்டுக்கு வருவதற்கு நாலு நாள் முன்பு.

“அதுல என்ன பண்றே?”

வாசலில் அத்தான், கையில் காகிதக் கட்டு. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்தினார். எனக்கு இருபது வயதிலிருந்து அவரைத் தெரியும், அசடு வழிந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

“உங்க அக்காகிட்ட சொல்லிடாதே.”

“இதை மாத்திட்டீங்கன்னா அப்புறம் எதுக்கு அத்தான் என் மிஷின்?”

அவர் நாற்காலியை மேஜைக்கு நேராக்கினார். நேராகத்தான் இருந்தது. பிறகு சொன்னார்.

“திட்டுறதுக்குன்னு படிக்க ஆரம்பிச்சேன். சரியா திட்டணும்ல? ஒவ்வொரு வெர்ஷனா படிச்சேன். ஒரு அஞ்சாறு வருஷமாவே… பிடிச்சுப்போச்சு. அந்தக் கோடு எவ்வளவு சுத்தமா விழுது தெரியுமா? ஆனா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்கிட்ட கேக்கறது? ஏழு பக்கம் வேற எழுதிக் கொடுத்திருக்கேன். விரல் வலி வந்துச்சு. வலி நிஜம்தான், பொய் இல்ல. அதைக் காரணமா வச்சுக்கிட்டேன்.”

“வேலை போற நிலைமை வந்தப்பவாவது கறுப்புக்குத் திரும்பியிருக்கலாமே?”

“திரும்பினா விரல் கதை பொய்யின்னு ஆயிடுமே.”

எனக்கு வந்ததே கோபம். “உங்க வறட்டு ஜம்பத்துக்கு நான் நேத்து ராத்திரி பூரா தூங்கல, தெரியுமா? ரெண்டு நிமிஷ வேலை, சொல்லாம விட்டுட்டோமே, இந்த மனுஷன் வேலை போயிடுமேன்னு…”

பாதியில் நிறுத்தினேன். போன சொல் போனதுதான்.

“உனக்குத் தெரியுமா?” என்றார் அத்தான்.

“தெரியும்.”

“நான் வந்து கேட்டப்பவே?”

“ம்.”

“ஆபரேஷன்னு டாக்டர் சொன்னது?”

“அக்கா சொன்னா.”

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. கட்டுப்போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“நான் ஒரு மிஷினைத்தாம்மா திட்டினேன்” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. இந்தத் தடவை நிஜமாகவே இல்லை. சின்னத்தனமாக நடந்துகொண்டேன், அதற்கு வேறு பெயர் கிடையாது. அவர்தான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காரு. எட்டு வீடு பாக்கி. ஜன்னலெல்லாம் நீ போடு, சுவர் நான் போடறேன்” என்றார். வியாழக்கிழமை லீவு போட்டேன். அவர் கறுப்பில் உட்கார்ந்தார், கட்டைவிரலால் பொத்தானை அழுத்திக்கொண்டு. நான் வெள்ளையில். அக்கா கேட்டதற்கு, அவசரத்துக்கு இரண்டும் ஓடட்டும் என்று நான்தான் சொன்னேன். என் ஜன்னல்களில் நாலைந்தை அவர் இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினார், வாயைத் திறக்காமல். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் படங்கள் இன்ஜினியர் மேஜையில் இருந்தன.

விரல் இப்போது மடங்குகிறது. அத்தான் முழுநேர வெள்ளைக் கட்சிக்காரர் ஆகிவிட்டார். கறுப்புப் பெட்டியைத் திட்ட புது நோட்டு போட்டிருக்கிறார் என்று கேள்வி. என் மிஷினைப் பற்றி மட்டும் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை, நல்லதும் சரி, கெட்டதும் சரி. திட்டினால் தேவலை என்று இருக்கிறது.

அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டு, “இவ மட்டும் அன்னைக்கு அந்த மிஷினைக் கொடுக்கலேன்னா இவர் விரலே போயிருக்கும், வேலையும் போயிருக்கும். என் தங்கச்சி மாதிரி யாருக்கு வரும்?” என்கிறாள். வந்தவர்கள் என்னைப் பெருமையாகப் பார்க்கிறார்கள். நான் தரையைப் பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தான், சுண்டுவிரலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டே, “ஆமா, அவளாலதான்” என்கிறார்.