பேனரில் எழுதிய சொல்

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அந்த ஹோட்டலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டும். சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு நான்கு வகைக் கறி வைத்திருந்தார்கள். குமட்டல் வேறு காரணத்துக்கு.

நான் மொழிபெயர்ப்பாளர். ஒருத்தர் பேசப் பேச, பக்கத்தில் நின்று இன்னொருத்தருக்குச் சொல்கிற வேலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே குடியிருக்கிறேன். கோர்ட்டு, மருத்துவமனை, கம்பெனி என்று யார் கூப்பிட்டாலும் போவேன். அந்த முறை கூப்பிட்டது ஒரு தொண்டு நிறுவனம். கிள்ளான் சுற்று வட்டாரத்தில் தங்கியிருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் கம்பளி போன்ற சாமான்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பணம் ஒரு வெளிநாட்டு அரசாங்கத்துடையது.

அந்த நாட்டில் அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. நம் வரிப்பணத்தை எங்கெங்கோ கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், பாதி திருடு போகிறது, மீதி வீணாகிறது என்று ஒரு கூட்டம் கத்தியது. இல்லாதவர்களுக்குக் கொடுப்பது நம் கடமை என்று எதிர்க்கூட்டம் கத்தியது. எல்.ஆர்.டி. ரயிலில் போகும்போது போனில் அந்த டிவி விவாதத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நல்ல நல்ல கோட்டுப் போட்டிருந்தார்கள். வாங்கிக்கொள்கிற ஆட்களில் ஒருத்தரைக்கூட அந்த மேசையில் உட்கார வைக்கவில்லை.

பணம் வீணாகிறதா என்று பார்த்துவர ஒரு அதிகாரியை விமானத்தில் அனுப்பினார்கள். அவருக்காக ஒரு கூட்டம், கூட்டத்துக்காக ஹோட்டல் மண்டபம், மண்டபம் எடுத்ததால் சாப்பாடு, பூ ஜாடி, வருகிற எல்லாருக்கும் கொடி போட்ட துணிப்பை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அங்கே சுண்டைக்காயைக் கண்ணிலேயே காணோம்.

மேடையில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். மேலே லோகோ, அதன் கீழே கொட்டை எழுத்தில் ‘பொறுப்புக்கூறல் கூட்டம்’. நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நாமாக இருந்தால் கணக்குக் காட்டுகிற கூட்டம் என்று போட்டிருப்போம். நிறுவனத்தில் இதையெல்லாம் கவனித்துக்கொள்ளும் மேனேஜரிடம், இந்தச் சொல்லை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கிள்ளான்காரர்.

“இன்டர்நெட்ல எடுத்தோம் ஆன்டி. ஸ்ரீலங்கா பேப்பர்ல எல்லாம் இதத்தான் போடுறாங்க. அவங்க தமிழு, அவங்களுக்குப் புரியும்லா.”

நன்றாகவே புரிந்துவிட்டது. வினையே அதுதான்.

ஆட்கள் வர ஆரம்பித்தபோது ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். கிள்ளானுக்கு வெளியே மேருவிலிருந்து பஸ் பிடித்து, கிள்ளானில் ரயில் ஏறி வந்தவர். நல்ல சேலை கட்டியிருந்தார். ஏர்கோன் குளிரில் உடம்பு லேசாக நடுங்கியது. துவாய்த் துண்டில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்திருந்தார்.

“பிள்ளை, அவையள் வந்திட்டினமோ?”

“யாரும்மா?”

“பொறுப்புச் சொல்லுறவை.”

துவாயைப் பிரித்துக் காட்டினார். கண்ணாடி போட்ட படம். அதில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு மீசை அரும்பிய ஒரு முகம். அன்று காலைதான் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றியிருக்கிறார்.

“என்ர மகன். சண்டை முடிஞ்ச நேரம், விசாரிச்சிட்டு விடுறம் எண்டு பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவை. நான்தான் பயப்பிடாதை எண்டு சொல்லி ஏத்தி விட்டனான். அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொறுப்புக்கூறல் என்பது அவர் ஊரில் கம்பளிக் கணக்குக்கான சொல் இல்லை. காணாமல் போன பிள்ளைகள் எங்கே என்று யாராவது ஒருநாள் பதில் சொல்வதற்குப் பெயர் அது. அதை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு அங்கே தாய்மார்கள் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த அம்மா வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறார். யாரோ வெளிநாட்டுக்காரர் கடைசியில் கேட்க வந்துவிட்டார் என்று மகனைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

மேனேஜரிடம் ஓடினேன். “அந்தம்மா வேற எதுக்கோன்னு நெனச்சு வந்திருக்காங்க.” விஷயத்தைச் சொன்னேன்.

“ஐயோ, பாவம்லா. விடுங்க ஆன்டி, உக்காரட்டும். சீட்டு காலியா இருந்தா ரிப்போர்ட்ல அசிங்கமா தெரியும்.”

பளாரென்று ஒன்று விடலாம் போல இருந்தது. நானே போய் அம்மாவிடம் சொன்னேன். “அம்மா, இது அது இல்ல. உங்களுக்குக் கம்பளி குடுத்தாங்கல்ல, அது ஒழுங்கா வந்துச்சான்னு கேக்க வந்திருக்காங்க.”

அவர் பேனரை நிமிர்ந்து பார்த்தார். வாய்க்குள்ளேயே ஒருதரம் படித்தார்.

“அந்தச் சொல்லைப் போட்டிட்டு வேற கதை கதைக்கேலாது, பிள்ளை. நான் இருந்து கேட்டிட்டே போறன்.”

கூட்டம் தொடங்கியது. வந்திருந்த அதிகாரி மெதுவாக, மரியாதையாகத்தான் பேசினார். கம்பளி கிடைத்ததா? கிடைத்தது. எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தடித்த, பனிநாட்டுக் கம்பளி அது. மேருவில் தகரக் கூரைக்குக் கீழே அதைப் போர்த்துப் படுத்தால் காலையில் ஆள் அவிந்திருக்கும். ஒரு பெண், “அயன் பண்ண விரிக்கிறம்” என்று உண்மையைச் சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டு, கொடுத்த நோக்கத்துக்குப் பயன்படுத்தாதது ஏன் என்று கேட்டார். அதைத் தமிழில் சொல்லும்போது என் நாக்கு கூசியது. இந்த வெயிலுக்குக் கம்பளி அனுப்பியவன் எதையும் வீணாக்கவில்லையாம். அதை மடித்துப்போட்டுப் பிள்ளையின் சட்டையைத் தேய்த்தவள் வீணாக்கிவிட்டாளாம்.

கடைசியில், வேறு கேள்வி உண்டா என்றார். மேரு அம்மா எழுந்தார். படத்தை முகம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டார்.

“என்ர பிள்ளை எங்க எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். அதிகாரி விழித்தார். அவர் தலைக்குப் பின்னால் தொங்கும் சொல்லுக்கு அந்த அம்மாவின் ஊரில் என்ன பொருள் என்று விளக்கினேன். திரும்பிப் பேனரைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் நிறைய நேரம் பார்த்தார். முகம் சிவந்தது. சரி, இவராவது மனுஷன் என்று நினைத்தேன். அதற்குள் சுதாரித்துக்கொண்டு, இது இந்தத் திட்டத்தில் வராது, கருத்துச் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள் என்றார்.

நன்றியை நான் விழுங்கிவிட்டேன். “இது அவரு வேலை இல்லையாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

“அப்ப ஆற்ற வேலை எண்டு கேளுங்கோ.”

யாருடைய வேலை என்று அதையும் கேட்டேன். அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மைக்கை எடுத்து, முதலில் போட்டோ, பிறகு சாப்பாடு என்றார்.

நல்ல சேலை என்பதால் அந்த அம்மாவை முன்வரிசையில் நடுவே நிறுத்தினார்கள். கேமரா தயாரானதும் அவர் இரண்டு கையாலும் படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அவர் ஊரில் தாய்மார்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

மேனேஜர் என் காதருகே வந்தார். “ஆன்டி, கொஞ்சம் எறக்கச் சொல்லுங்க. லோகோ மறையுது.”

“என்னய மொழிபெயர்க்கக் கூப்பிட்டீங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியும். நீங்களே போயி சொல்லுங்க.”

அவர் போகவில்லை. அந்த மட்டுக்காவது வெட்கம் இருந்தது. அப்படியே படம் எடுத்தார்கள்.

வெளியே வந்து கிராப் வாடகைக் காருக்காக நிற்கும்போது அம்மா கேட்டார். “இந்தப் படத்தை அந்த நாட்டுச் சனமும் பாக்குமோ?”

“பாப்பாங்கம்மா.”

“அப்ப வந்தவுடனே எனக்கும் அனுப்பிவிடுங்கோ. என்ர பிள்ளையை ஆராவது எங்கயாவது கண்டிருப்பினம்.”

என் நம்பரைக் கொடுத்தேன்.

போன வாரம் ரிப்போர்ட் வந்தது. மேனேஜர் பெருமையாக அனுப்பியிருந்தார். வழுவழு அட்டையில் முழுப் பக்கத்துக்கு அந்த அம்மாவின் முகம். நெற்றிக்குச் சற்று மேலே படத்தை வெட்டியிருக்கிறார்கள். மகன் இருந்த இடத்தில் லோகோவை ஒட்டியிருக்கிறார்கள். கைகள் முழங்கைவரை தெரிகின்றன. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: மகிழ்ச்சியில் கைகளை உயர்த்தும் பயனாளி.

அந்த நாட்டுச் சண்டையில் இப்போது ஒரு தரப்பு இந்த அட்டையைத்தான் தூக்கிக் காட்டுகிறது. பாருங்கள், நம் பணம் வீணாகவில்லை என்கிறார்கள். த்தூ என்று துப்பத்தான் தோன்றுகிறது.

இன்று காலை மேருவிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. நான்கைந்து முறை கேட்டுவிட்டேன்.

“பிள்ளை, படம் வந்திட்டுதோ? அவன் வடிவாய்த் தெரியிறானோ?”