காப்புக் கட்டி மாத்திரையை நிறுத்தினேன்

தாயின் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். நான் பெங்களூர் மர்பி டவுன்காரி. அடுகோடியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் செய்தவள். பேசத் தெம்பில்லை, ஆனாலும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

கொரோனாவில் என் வீட்டுக்காரர் போனார். கூடவே என் தூக்கமும் போனது. டாக்டர் கொஞ்ச நாளைக்கென்று தூக்க மாத்திரை எழுதினார். அப்புறம் சீட்டு இல்லாமலே மெடிக்கலில் வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கினேன். ஒன்று பத்தாமல் இரண்டானது. மெல்ல மெல்ல ஞாபகம் கழன்றது. சாம்பாரில் உப்பை மறுபடி போடுவேன். வயசாகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐம்பதுகூட ஆகவில்லை!

போன வருஷம் ஆடிக்கு முன்னால், முழுகாமல் இருப்பதாக என் மகள் சொன்னாள். நான் கட்டிப்பிடித்து அழுதேனாம். மறுநாள் அவள் வாந்தி எடுக்க, "என்னடி, ராத்திரி என்னத்தத் தின்ன?" என்று திட்டினேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்துதானேம்மா சொன்னேன்! உன்ன நம்பி புள்ளைய எப்டி உட்டுட்டு வேலைக்குப் போவேன்?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது.

ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். கறி மீனோடு மாத்திரையையும் விட்டுவிடுகிறேன் என்று நானாக நேர்ந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. "தாயே, என் புத்தியைத் திருப்பிக் கொடு" என்று ஒரே வேண்டுதல். அன்று ராத்திரியிலிருந்து கண் மூடவில்லை, கை உதறியது. கூழ் காய்ச்சும்போது வலிப்பு வந்து அடுப்போரமாக விழுந்தேன். கூட இருந்த பெண்கள் இழுத்துப் போட்டிராவிட்டால் வெந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரை அட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இத ஒரேடியா நிறுத்துனா உயிருக்கே ஆபத்தும்மா. உங்க மறதிக்கும் இதுதான் காரணமா இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கலாம்."

நேர்ந்ததை மீறுகிறேனே என்று அழுதேன். மகள் அதட்டினாள்: "சும்னே இரும்மா! ஆத்தாதான் உன்ன இங்க கொண்டாந்து போட்டிருக்கா."

என் வேண்டுதலுக்கு அதுதான் பதில் என்று புரிய எனக்கு ரொம்ப நாளானது. மாதக்கணக்கில் குறைத்தேன். நரகம். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவேன். ஆத்தா கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் திரும்பவில்லை. மகள் கல்யாணத்தில் பாதி இன்னும் இருட்டுதான். தூக்கமும் அரைகுறை. ஆனால் போன வாரம் அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆத்தாவைக் கும்பிட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள், கூடவே வருவாள். நான் கிளம்புகிறேன். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம். யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.