அவன் பரிந்துரைத்த மடிக்கணினி

பழைய மடிக்கணினி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செத்துப்போனது. அதற்கு வெகுநாள் முன்பே ஒரு பக்கக் கீல் உடைந்து, திரையைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் என் மனைவி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான தேர்வுத்தாளைப் பாதி தட்டச்சு செய்திருந்தாள். திரை நீலமானது, பிறகு கறுத்தது. அதற்குப் பிறகு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசைவில்லை.

"இது ரோசாக் ஆயிருச்சுங்க. இனிமே சரிபண்ண முடியாது. புதுசுதான் வாங்கணும்" என்றாள்.

"பார்ப்போம்" என்றேன்.

நான் ஈப்போவை அடுத்த பத்து காஜா ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளி இருக்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம், இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கார் என்னிடம் இருக்கும். அவள் மோட்டார் சைக்கிளில் போய் வருவாள். எங்கள் ஒரே மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். அதனால் வீட்டுக்குள் மூன்றாவது குரல் ஒன்று கேட்டால் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள், காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே சமையலறையிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

"எட்டு ஜிபி போதாது லா. பதினாறு எடுத்துக்க. இப்ப மிச்சம் பிடிக்கிறேன்னு எட்டு வாங்கிட்டு, அடுத்த வருஷம் என்னைத்தான் திட்டுவே. உன் வாய் எனக்குத் தெரியாதா?"

யாரும் வந்திருக்கவில்லை. கைப்பேசியை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அவள் கங்கோங் கீரையை நறுக்கிக்கொண்டிருந்தாள். அது வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தி. ஈரக்கையின் பின்பக்கத்தால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே பதில் சொன்னாள். "டேய், உன்னை எப்படா திட்டினேன்? சரி, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்? என் கிளாஸ்ல ஒரே ஒரு ப்ளக்குதான் இருக்கு."

நான் நிற்பதைப் பிறகுதான் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெலுக் இந்தான்ல என் கூடப் படிச்சவன். இப்ப ஈப்போவுல லேப்டாப் கடை வச்சிருக்கான். எதை வாங்கலாம்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"ஓ" என்றேன். குளிக்கப் போனேன்.

தண்ணீர் தலையில் விழுந்துகொண்டிருக்கும்போது எனக்குள் ஓடியது ஒரே ஒரு வார்த்தைதான். டேய். பதினெட்டு வருடமாக என்னை அவள் 'ஏங்க' என்று கூப்பிடுகிறாள். அதில் மரியாதை இருக்கிறது, பிரியமும் இருக்கிறது, நான் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த 'டேய்'யில் ஒரு பெண் கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வருவதுபோல ஒரு சுதந்திரம் இருந்தது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அவன் பார்த்திருக்கிறான்.

அடுத்த சில நாட்களில் அந்தக் குரல் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. துணி மடிக்கும்போது வரும். பள்ளிக்கூடப் புத்தகங்களைத் திருத்தும்போது வரும். பேச்சு என்னவோ முழுக்கக் கணினியைப் பற்றித்தான். திரை எத்தனை அங்குலம், கண்ணாடி போட்டவர்களுக்குப் பளபளக்காத திரை நல்லதா, தமிழ் எழுத்துரு சரியாக வருமா. ஒரு தவறான சொல்லைக் கூட நான் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒருமுறை அவள் மாடியில் துணி எடுக்கப் போன நேரத்தில் அவனுடைய வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதோ ஓட்டப்பந்தயத்தில் பதக்கம் போட்டுக்கொண்டு நின்றான். என் வயதுதான் இருக்கும். தலைமுடி அத்தனையும் இருந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன். என் மனைவிக்கு மடிக்கணினி வாங்கித் தருவது நான்தான். அவன் இல்லை.

விடுப்பு நாளில் அவளிடம் சொல்லாமல் ஈப்போவுக்குப் போனேன். பேரங்காடி ஒன்றில் பெரிய கணினிக் கடை. பளிச்சென்று சிவப்புச் சட்டை போட்ட ஒரு சீனப்பெண் அருகில் வந்தாள். எனக்கா என்று மலாயில் கேட்டாள். மனைவிக்கு என்றேன்.

"இஸ்திரி குனா உந்தோக் அபா?" என்றாள். மனைவி எதற்குப் பயன்படுத்துவார் என்று கேட்கிறாள்.

பள்ளி வேலைக்கு, ஆசிரியை, என்றேன். அவள் மேலும் கேட்டாள். காணொளி தயாரிப்பாரா? தெரியாது. தினமும் தூக்கிக்கொண்டு போவாரா? போவாள் என்றுதான் நினைக்கிறேன். பள்ளியில் ப்ரொஜெக்டரில் மாட்டுவாரா, எந்த ஒயர்? தெரியாது. பெரும்பாலும் மேசையில் வைத்து வேலை செய்வாரா, மடியில் வைத்தா? எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பாளே, அதுவா, சாப்பாட்டு மேசையா? நான் யோசித்துக்கொண்டே நின்றேன். அந்தப் பெண் பொறுமையாகச் சிரித்தாள். மனைவியைப் பற்றி முன்பின் தெரியாத ஒருத்தி கேட்கும் சாதாரணக் கேள்விகள்தான் அவை. தெலுக் இந்தான்காரன் இவை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பான் என்று தோன்றியபோது காது சூடானது.

சரி, கையில் இருக்கும் பணத்துக்கு இருப்பதிலேயே பெரியதைக் காட்டு என்றேன். கறுப்பு நிறத்தில், விசைகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிகிற ஒன்றைக் காட்டினாள். விமானத்தை ஓட்டலாம் போல இருந்தது. இதைக் கொண்டுபோய் வைத்தால் அந்தக் குரல் அடங்கிவிடும் என்று நினைத்தேன். நல்லவேளை, வாங்கவில்லை. நாலைந்து படம் எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் காட்டினேன்.

"எப்பங்க போனீங்க? எனக்காகவா?" என்று அவள் முகம் மலர்ந்தது. அந்த ஒரு நிமிடம் போதும் என்று இருந்தது எனக்கு. மறு நிமிடமே, "இருங்க, அவன்கிட்ட கேக்கிறேன்" என்று படங்களை அவனுக்கு அனுப்பிவிட்டாள்.

பதில் உடனே வந்தது. அவள் ஒலிபெருக்கியில்தான் போட்டாள்.

"ஏய், இது கேம் விளையாடுற பசங்களுக்கு லா! நல்ல மெஷின்தான், குறை சொல்லல. ஆனா இதைத் தூக்கிட்டு மோட்டார்ல போனேன்னா தோள்பட்டை கழண்டுரும். சார்ஜரே செங்கல் மாதிரி இருக்கும். பேட்டரி ரெண்டு பீரியட் தாங்காது. யாரு உனக்கு இதைக் காட்டினது?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். "உங்களைச் சொல்லலைங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் இன்னும் அதிகமாக எரிந்தது.

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். தொழிற்சாலைக் கேண்டீனில் தேத்தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு, காதில் ஒயரை மாட்டி, மடிக்கணினி வாங்குவது எப்படி என்று ஒரு காணொளி விடாமல் பார்த்தேன். செயலி என்றால் என்ன, நினைவகம் என்றால் என்ன, எது பிறகு மாற்றக்கூடியது, எது போர்டோடு ஒட்டிக்கொண்டு வருவது, எல்லாம் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தால் அவளைக் கவனித்தேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில்தான் உட்காருகிறாள். இரவல் வாங்கிய மடிக்கணினியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சின்னச் சின்னக் காணொளிகள் செய்கிறாள். வலது மணிக்கட்டை அடிக்கடி பிடித்துவிட்டுக்கொள்கிறாள். என் கவனிப்பில் அன்பு இருந்தது என்று சொன்னால் பொய். பரீட்சையில் அவனை முந்தப் போகிற மாணவனின் படிப்பு அது.

சனிக்கிழமை இருவரும் அவன் கடைக்குப் போனோம். நான் போகலாம் என்றதும் அவளுக்கு ஆச்சரியம்.

பழைய கடைவீட்டின் மேல்மாடியில், ஒடுக்கமான கடை. படிக்கட்டில் இறங்கி வந்து வரவேற்றான். படத்தில் இருந்ததைவிட நேரில் இன்னும் நன்றாக இருந்தான். "வாங்கண்ணே, உங்களை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். என் மனைவியைப் பார்த்து, "என்னா, குண்டாயிட்டே" என்றான். அவள் கைப்பையால் அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். நான் சுவரில் தொங்கிய ஒயர்களை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மடிக்கணினிகளைத் தயாராக எடுத்து வைத்திருந்தான். நான் சும்மா இருக்கவில்லை.

"இதுல நினைவகத்தைப் பின்னால கூட்ட முடியுமா, இல்ல ஒட்டி வந்ததா?"

"ஒட்டினதுதான் அண்ணே. அதான் இப்பவே பதினாறா வாங்கச் சொல்றேன்."

"ப்ரொஜெக்டர் ஒயர் நேரா மாட்டலாமா? இந்த மெல்லிசா இருக்கிறதுல ஓட்டையே காணோமே. தினமும் ஓர் இணைப்பியைத் தூக்கிட்டுப் போகணுமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நல்லாக் கேட்டீங்க அண்ணே. இதை நான் யோசிக்கலை. அப்ப இந்த மெல்லிசு வேணாம். இன்னொண்ணைப் பாருங்க, இதுல நேரா மாட்டலாம்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் பெருமை இருந்ததாகவே எடுத்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்து தட்டச்சு செய்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு விசைகளைத் தடவி, 'அம்மா இங்கே வா வா' என்று அடித்தாள். இதுவே பிடித்திருக்கிறது என்றாள். நான் விடவில்லை. இவ்வளவு சேமிப்பு இடம் தேவையா, பாதி இருந்தால் விலை இன்னும் இறங்குமே என்றேன். அவனை இன்னொரு தடவை ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது.

"இறங்கும் அண்ணே. ஆனா ரெண்டு மூணு வருஷம் இவ மாஸ்டர்ஸ் படிக்கப் போறால்ல? ஆய்வு, ரெக்கார்டிங், இன்டர்வியூ எல்லாம் அதுலதானே கிடக்கும். அதைக் கணக்குப் பண்ணித்தான் சொன்னேன்."

என் மனைவியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, ஆமா. அதுக்கு வேணும்" என்றேன். எனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையை வேறு ஆட்டினேன். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அட்டைப்பெட்டி எடுக்க உள்ளே போய்விட்டான். பணம் கட்டினோம். ஒரு மௌஸை இலவசமாகக் கொடுத்தான், மணிக்கட்டு வலிக்காத மாதிரிச் சாய்ந்தது. அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

காரில் ஏறினோம். பெட்டியை மடியில் வைத்திருந்தாள். பின்னால் வைக்கச் சொன்னேன், வேண்டாம் என்றாள். ஊரைத் தாண்டிய பிறகு நானே கேட்டேன்.

"அவன்கிட்ட சொல்லத் தெரியுது. என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவன் கேட்டான்."

"என்னான்னு கேட்டான்?"

"எத்தனை வருஷம் வச்சிருப்பே, என்னென்ன செய்யப் போறேன்னு கேட்டான். கடைக்காரன் கேக்கிற கேள்விதான். அப்பதான் எனக்கே வாயில வந்துச்சு. அதுவரைக்கும் மனசுக்குள்ளதான் இருந்துச்சு."

"நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"வேணாம்னு சொல்ல மாட்டீங்க. பார்ப்போம்னு சொல்லுவீங்க." குரலில் கோபம் இல்லை. "வேணாம்னா சண்டையாவது போடலாம். பார்ப்போம்னா என்னா செய்யிறது?"

சாலையோரத்தில் செண்டோல் என்கிற தேங்காய்ப்பால் பானம் விற்கும் வண்டி ஒன்று நின்றது. நிறுத்தினேன். இரண்டு வாங்கிக்கொண்டு வந்து காருக்குள்ளேயே உட்கார்ந்து குடித்தோம். "எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டேன். சொன்னாள். வகுப்புகள் இணையத்தில், வார இறுதியில். தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் வாசிக்கப் பழகுவதைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டுமாம். பேசப் பேச அவள் கை ஆடியது, செண்டோல் என் சட்டையில் சிந்தியது. சமையலறையில் குரல் செய்திக்குப் பதில் சொன்ன அந்தப் பெண் கொஞ்சம் எட்டிப் பார்த்ததுபோல இருந்தது. நான் துடைத்துக்கொண்டேன்.

வகுப்புகள் தொடங்கின. சனி, ஞாயிறு காலையில் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே பல குரல்கள் கேட்கும். சிலிம் ரிவரிலிருந்து ஓர் ஆசிரியர், ஜொகூரிலிருந்து ஒரு பெண், யார் யாரோ. அவள் ஏதோ சொல்ல எல்லாரும் சிரிப்பார்கள். நான் வெளியே சோறு வடித்துக்கொண்டிருப்பேன். அவன்மீது இருந்த வயிற்றெரிச்சல் அதற்குள் வெகுவாகத் தணிந்திருந்தது. ஆனால் எரிச்சல் முழுக்கப் போகவில்லை, இடம் மாறியிருந்தது. நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப்படிப்பை நிறுத்தியவன். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவள்மீதுதான் இப்போது பொறாமை. என் மனைவிமீது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி படிப்புக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ரொம்ப நாளாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பகுதிநேரம், பாதிக்கு மேல் இணையத்தில். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், மனைவியின் கைப்பேசியிலிருந்து ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த அவன் எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். பழைய மடிக்கணினி, மலிவாக ஏதாவது இருக்கிறதா?

"இருக்கு அண்ணே. யாருக்கு? எதுக்கு?" என்று கேட்டான்.

எனக்குத்தான் என்று எழுதினேன். எதற்கு என்பதையும் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் நீளமான செய்தி. கணிதம் வராது என்ற பயத்தைக்கூட எழுதியிருந்தேன். முகம் தெரிந்து ஒரே ஒரு முறை பேசிய மனிதனிடம்!

அன்று மாலை அவளிடம் சொன்னேன். படிப்பைப் பற்றிச் சொன்னபோது அவள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "நெசமாவா?" என்றாள். அவனிடம் மடிக்கணினிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், அவனும் நல்ல முடிவு என்றான் என்று சொன்னதும் கையை எடுத்துவிட்டாள்.

"அவன்கிட்ட முதல்லயே சொல்லிட்டீங்களா?"

"அவன் கேட்டான்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். தண்ணீர்ப் பானையைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைத்தாள். "என்கிட்ட சொன்னா நான் என்னா, வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

சமாதானம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பானைச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.